கயிறு திரிப்பவரின் முக்காடு

"முடிச்சு இல்லாம நாரைச் சேர்க்க எப்ப சொல்லித் தரப்போறீங்க, மயெஸ்த்ரா?" என்று பிந்தோய் கேட்டார்.

இலாரியா, அவர் முடிந்து நீட்டிய இழையை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தாள். கத்தரிக்கோலை எடுத்தாள். முடிச்சை நறுக்கிப் போட்டாள். இரண்டு நுனிகளையும் அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"மறுபடியும்," என்றாள்.

சுவரோரம் உட்கார்ந்து நார் முடிந்துகொண்டிருந்த செலிங் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"மானோங், அது நாருங்க. எருமை இல்ல. ஓடிப் போயிடாது. மெதுவாக் கட்டுங்க."

அந்தத் தீவில் மானோங் என்றால் அண்ணன். பிந்தோய்க்குத் தலை நரைத்துவிட்டது, அதனால் அறையிலிருந்த பெண்கள் எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். மயெஸ்த்ரா என்றால் ஆசிரியை. இலாரியாவுக்கு அவர் மகளைவிடக் கொஞ்சம்தான் வயது கூட இருக்கும். இருந்தாலும் வந்த நாளிலிருந்து அவர் அவளை வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை.

அவர் மறுபடியும் முடிந்தார்.

அவள் மறுபடியும் நறுக்கினாள்.

*

பிந்தோய் துறையில் கயிறு திரிப்பவர்.

வாழை மாதிரியே இருக்கும், ஆனால் வாழை இல்லை, அபாக்கா என்று ஒரு மரம். அதன் பட்டையை உரித்து, நாரை இழுத்து, காயவைத்து, புரி புரியாக முறுக்கி, படகுக்கும் கப்பலுக்கும் கயிறு செய்வார். அவர் திரித்த கயிறு புயலில் அறுந்தது என்று யாரும் சொன்னதில்லை.

நல்ல கயிற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதனால் அவரைப் பற்றியும் யாரும் பேசியதில்லை.

அவர் மகள் நீவெஸுக்குக் கல்யாணம் பேசினார்கள். மாப்பிள்ளை வீட்டார் சொந்தப் படகில் வந்து இறங்கினார்கள். படகைக் கட்டியிருந்த கயிறுகூட பிந்தோய் திரித்ததுதான்.

அந்த நாட்டுக் கல்யாணத்தில் பெண்ணின் தலையையும் மாப்பிள்ளையின் தோளையும் சேர்த்து ஒரே முக்காட்டால் போர்த்துவார்கள். அதன்மேல் ஒரு கயிற்றை இருவர் கழுத்திலும் வளைத்து மாட்டுவார்கள். இரண்டும் பெண் வீட்டுப் பொறுப்பு.

"கயிறு நீங்க பார்த்துக்குவீங்க, சம்பந்தி. அதுல எனக்குக் கவலையே இல்ல," என்றார் மாப்பிள்ளையின் அப்பா கொர்னேலியோ. "முக்காடு சர்ச்சுல ஒண்ணு கிடக்கு. நைலான்தான். வாங்கிப் போட்டுட்டுத் திருப்பிக் கொடுத்துரலாம்."

"முக்காடும் நானே," என்றார் பிந்தோய்.

ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரியாது.

"அன்னாசி நாரு முக்காடு. என் கையால."

கொர்னேலியோ அந்தக் கையைப் பார்த்தார். ஒவ்வொரு விரலும் ஒரு துடுப்புப் பிடி மாதிரி இருந்தது. அவருக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை.

"பார்த்துங்க சம்பந்தி. முக்காடுன்னு சொல்லி எம்பையன் தோள்மேல ஒரு கப்பலைக் கட்டிடப் போறீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நீவெஸ் சிரிக்கவில்லை. அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவுதான்.

விருந்தாளிகளின் படகு கண்ணுக்கு மறையும் முன்பே பிந்தோய், அன்னாசி நாரில் துணி நெய்யும் இலாரியாவின் வாசலில் நின்றார்.

*

ஏன் அன்னாசி நார்?

ஒரு திருவிழாவில் அவர் அதைப் பார்த்திருந்தார். புனிதரின் சிலைக்குப் போர்த்துவதற்காக இலாரியா ஒரு துணியைக் கையில் போட்டுக்கொண்டு நடந்தாள். முதலில் அவள் கையில் எதுவுமே இல்லை என்றுதான் நினைத்தார். மேகம் விலகியது. வெயில் விழுந்தது. அவள் முழங்கையைச் சுற்றித் தேன் நிறத்தில் ஏதோ மினுங்கியது. காற்று அடித்தபோது அந்த மினுக்கம் மட்டும் எழுந்து, கொஞ்சம் யோசித்து, மறுபடியும் அவள் கைமேல் உட்கார்ந்தது.

அது அன்னாசி இலையிலிருந்து வந்தது என்று சொன்னார்கள். முள் குத்தும் அதே இலை. பழத்தை வெட்டிய பிறகு ஆடுகூடத் தொடாத இலை.

தானும் செடியிலிருந்துதான் நார் எடுக்கிறோம் என்று அப்போது அவருக்கு ஞாபகம் வந்தது. அன்று வீட்டுக்குப் போய்த் தான் திரித்த கயிற்றை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். கயிறாகத்தான் இருந்தது.

*

முதல் நாள் இலாரியா கேட்டாள். "வீட்ல பீங்கான் தட்டு இருக்கா, மானோங்?"

"இருக்கு."

"கொண்டாங்க."

குருவுக்குக் காணிக்கை போலிருக்கிறது என்று பிந்தோய் நினைத்தார். அலமாரியில் இருந்ததிலேயே நல்ல தட்டை எடுத்தார். ஓரமெல்லாம் நீலப் பூ. துடைத்து, துணியில் சுற்றி, இரண்டு கையாலும் நீட்டினார்.

அவள் அழகு பார்த்தாள். தலையை ஆட்டினாள். வாசல் கல்லில் ஓங்கி அடித்தாள்.

சில்லுகளைக் கிளறி, வளைவான ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தாள்.

"இதுதான் உங்க உளி."

பிந்தோய் திறந்த வாயை மூடவில்லை. உள்ளேயிருந்து செலிங்கின் குரல் வந்தது. "பழைய தட்டே போதும்னு யாரும் சொல்லலியா, மானோங்?"

அந்தச் சில்லால் அவர் இலையைச் சுரண்டக் கற்றார். பலகைமேல் இலையை நீட்டி வைத்து, ஒரு முனையைக் காலால் மிதித்துக்கொண்டு, நெடுக இழுக்க வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் நார் அறும். கொஞ்சம் விட்டால் பச்சை போகாது. பச்சைத் தோல் வழிந்து இறங்கும்போது அடியிலிருந்து முதலில் வருவது முரட்டு நார். அது சாக்குத் தைக்க ஆகும். அதையும் எடுத்த பிறகு, தேங்காய்ச் சிரட்டைத் துண்டால் மறுபடியும் மெதுவாக வழித்தால், இலைக்குள் இலை தனக்கென்று ஒளித்து வைத்த நார் வரும்.

அதை முதல்முறை எடுத்தபோது பிந்தோய் மூச்சுவிட்டார். நார் பறந்து போய்விட்டது.

*

நாரைக் கழுவினார். வெயிலில் உலர்த்தினார். பிறகு முடிகிற அறைக்கு வந்தார்.

அந்த அறையில் ஜன்னல் உண்டு, திறப்பதில்லை. வெளிச்சம் மட்டும் கண்ணாடி வழியாக உள்ளே வரலாம், காற்று வரக்கூடாது. விசிறி கிடையாது. பெண்கள் மடியில் கறுப்புத் துணி விரித்து, விரல் நுனியில் சாம்பல் தொட்டு, ஒரு நாரின் நுனியோடு அடுத்த நாரின் நுனியைச் சேர்த்து முடிந்துகொண்டே இருப்பார்கள். வேர்வை ஒழுகும். பேச்சு மட்டும் நிற்காது. உதடு அசையாமல் ஊர் வம்பு பேசும் வித்தை அங்கே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

"தும்மல் வந்தா முதல்ல வெளிய போங்க, மானோங்," என்று செலிங் சொல்லிக் கொடுத்தாள். "அப்புறம் தும்முங்க. ஒருத்தி உள்ளேயே தும்மிட்டா. அவ புருஷன் வந்து கூட்டிட்டுப் போற வரைக்கும் நாங்க யாரும் அவளோட பேசல."

பிந்தோய் முடிந்தார். இலாரியா நறுக்கினாள்.

முடிந்தார். நறுக்கினாள்.

அவருக்குக் கோபம் முடிச்சு வரவில்லையே என்று இல்லை. முடிச்சு எதற்கு என்றுதான்.

"எங்க தொழில்ல முடிச்சு விழுந்த கயித்தைக் கையால தொட மாட்டோம், மயெஸ்த்ரா. முடிச்சு இருக்கிற இடம்தான் முதல்ல போகும். என் கயித்துல இருக்கிற எந்த நாரும் என் உயரத்தைத் தாண்டாது. ஆனா கயிறு கடல் ஆழம் போகும். நடுவுல ஒரு முடிச்சுக் கிடையாது. ஒண்ணை ஒண்ணு கட்டிப் பிடிச்சுக்கும். இதையும் அப்படி முறுக்கலாமே?"

"முறுக்குங்க," என்றாள் இலாரியா.

அவர் சில நார்களைச் சேர்த்துத் தொடையில் வைத்து உருட்டினார். அந்த வேலை கைக்குத் தெரிந்த வேலை. கண் சிமிட்டும் நேரத்தில் அழகான ஒரு நூல் வந்தது. பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். செலிங்கூட ஒன்றும் சொல்லவில்லை.

இலாரியா அதை வாங்கி ஜன்னலுக்கு நேரே பிடித்தாள். பக்கத்தில் முறுக்காத ஒரு நாரையும் பிடித்தாள்.

ஒன்று கோடாகத் தெரிந்தது. இன்னொன்று தெரியவில்லை. அது இருந்த இடத்தில் வெளிச்சம் மட்டும் கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

அவள் இரண்டையும் அவர் மடியில் வைத்துவிட்டுத் தன் வேலைக்குப் போனாள்.

*

அவர் விடவில்லை.

முடிச்சு வேண்டாம் என்றால் நார் நீளமாக இருக்க வேண்டும். நார் நீளமாக வேண்டும் என்றால் இலை நீளமாக வேண்டும். மலைச்சரிவில் பெரிய மரங்களின் நிழலில் வளரும் அன்னாசிக்கு இலை நீளம் என்று யாரோ சொன்னார்கள். வெயில் கிடைக்காத செடி வெயிலைத் தேடிக் கையை நீட்டுமாம். பிந்தோய் மலையேறினார். கையெல்லாம் முள் கிழித்து, ஒரு கட்டு இலையோடு இறங்கினார்.

"இதுல பாதி முடிச்சு குறையும், மயெஸ்த்ரா."

இலாரியா இலையைத் தடவிப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"அருமையான இலை, மானோங்."

"அப்ப முடிச்சு?"

"எவ்வளவு நீள இலையா இருந்தாலும் நுனின்னு ஒண்ணு இருக்குமே," என்றாள்.

*

ஒருநாள் அவர் முடிந்து நீட்டினார். அவள் தூக்கிப் பார்த்தாள். கத்தரிக்கோல் அவள் கையில்தான் இருந்தது.

அவள் அதைக் கீழே வைத்தாள். இழையை முறத்தில் விட்டாள்.

அவர் அடுத்த நாரை எடுத்தார்.

அன்று கடற்கரை வழியாக வீட்டுக்கு நடந்தார். வாசலில் நின்ற நீவெஸ் கேட்டாள். "கையில என்னப்பா?"

"ஒண்ணும் இல்லையே."

"அப்புறம் எதுக்கு இப்படி ஏந்திக்கிட்டு வர்றீங்க?"

அவர் குனிந்து பார்த்தார். இரண்டு கையும் முன்னால் நீண்டு, கிண்ணம் போலக் குவிந்திருந்தன.

*

அறுவடை நெருங்கியது. அறுவடை முடிந்தால் கல்யாணம்.

முக்காட்டில் நெடுக ஓடும் பாவு இலாரியா முடிந்த இழை. அது தறியில் ஏறிவிட்டது. குறுக்கே ஓட வேண்டிய ஊடை பிந்தோயின் இழை. அது அவர் பெயர் எழுதிய ஒரு மண்பானையில், அறையின் மூலையில், மூடிவைக்கப்பட்டிருந்தது. பகலெல்லாம் அவர் முறத்தில் முடிந்து வைப்பார். சாயங்காலம் அவர் துறைக்குப் போன பிறகு இலாரியா அதைப் பானைக்கு மாற்றுவாள். மாற்றுவதை அவர் பார்த்ததில்லை.

ஒரு காலை, இலாரியா பக்கத்துத் தீவில் ஞானஸ்நானத்துக்குப் போயிருந்தாள். மற்றப் பெண்கள் வயலில் இருந்தார்கள். அறையில் பிந்தோய் மட்டும்.

நாளை ஊடை ஓட்டலாம் என்று அவள் சொல்லியிருந்தாள். தன் இழையை ஒருமுறை பார்க்க ஆசையாக இருந்தது அவருக்கு. பானையைத் திறந்தார்.

உள்ளே மணல்.

இழைச் சுருளுக்கு மேலே மணல். விரலால் விலக்கினால் அடுத்த சுருளுக்கு மேலேயும் மணல்.

அவர் கையைச் சட்டென்று வெளியே இழுத்தார்.

கயிற்றுக்கு மணலைப்போல ஒரு எதிரி கிடையாது. புரிக்குள் ஒரே ஒரு மணி போனால் போதும். வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளேயே உட்கார்ந்து நாரை அரைத்துக்கொண்டே இருக்கும். புயல் நாளில்தான் தெரியும். கயிறு திரிக்கிறவன் கரையில் நடந்து வந்தால் காலைக் கழுவாமல் பட்டறைக்குள் வரமாட்டான்.

யாரோ வேண்டாதவர் செய்த வேலை என்று நினைத்தார். பூனை என்று நினைத்தார். இலாரியா வருவதற்குள் சுத்தம் பண்ணிவிட வேண்டும் என்று நினைத்தார்.

பானையைக் கவிழ்த்தார். மிகவும் பதமாகத்தான் கவிழ்த்தார். மணலைச் சல்லடையில் வடிய விட்டார். இழையை மெதுவாக உதறினார். ஒரு மணி மிச்சமில்லாமல் உதறினார்.

கடைசி மணி விழுந்ததும் இழை எழுந்தது.

இத்தனை நாள் படுத்திருந்த பாரம் போனதும், சுருளெல்லாம் சோம்பல் முறித்த மாதிரி நிமிர்ந்தது. ஒன்றுக்குள் ஒன்று புகுந்தது. அவர் ஒரு பக்கம் பிடித்தார், மறுபக்கம் இறுகியது. மூச்சைப் பிடித்தார். ஒரு வளையத்தை விலக்கினார், அதற்குள் வேறு வளையங்கள் போய்விட்டன.

இலாரியா வந்து நின்றபோது அவர் கையில் ஒரு குருவிக்கூடு இருந்தது.

*

அவள் கவிழ்ந்து கிடந்த பானையைப் பார்த்தாள்.

"மணல் எங்க, மானோங்?"

"கொட்டிட்டேன்."

"எதுக்கு?"

"கயித்தை அறுத்துடும் மணல்."

இலாரியா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

"சர்ச்சுல நைலான் இருக்கு," என்றார் பிந்தோய். "போய்க் கேட்டுட்டு வந்துடறேன். கொர்னேலியோ சொன்னதுதான் சரி. நான் கயித்துக்காரன்."

அவர் எழுந்தார்.

"உக்காருங்க."

அவர் கையில் இருந்த சிக்கலை அவள் எடுத்தாள். தன் மடிக் கறுப்புத் துணியில் வைத்தாள். கத்தரிக்கோலை எடுத்தாள்.

"மயெஸ்த்ரா! அவிழ்த்துடலாம். நான் உக்காந்து அவிழ்க்கிறேன். ராத்திரி பகலா..."

அவள் நடுவில் வெட்டினாள். பிறகு குறுக்கே வெட்டினாள். இழையெல்லாம் ஆவென்று விரிந்து விழுந்தது. மலையேறிக் கொண்டுவந்த நீள நார், விரல் நீளமும் சாண் நீளமுமாகக் கிடந்தது.

பிந்தோயின் கண்ணில் தண்ணீர் நின்றது.

"அவிழ்க்க நேரம் இல்ல, மானோங்," என்றாள் இலாரியா. "முடிச்சுப் போட இருக்கு."

ஒரு துண்டை எடுத்து அவரிடம் நீட்டினாள். இன்னொரு துண்டைத் தானே எடுத்தாள்.

*

வயலிலிருந்து பெண்கள் வந்தார்கள். கேட்டார்கள். கையைக் கழுவினார்கள். சாம்பல் தொட்டார்கள். உட்கார்ந்தார்கள்.

செலிங் மட்டும் நின்றுகொண்டே கேட்டாள். "மணல் கொட்டின கை எது? வலதா, இடதா?"

"ரெண்டும்."

"நல்லவேளை மூணாவது இல்ல," என்று சொல்லிவிட்டு அவளும் உட்கார்ந்தாள்.

அன்றிலிருந்து அறையில் பேச்சு குறைந்தது. நார் குட்டையாகிவிட்டதால் முடிச்சு கூடிவிட்டது. ஒரு முடிச்சுக்கும் அடுத்த முடிச்சுக்கும் நடுவே விரல் வைக்க இடமில்லாத இடங்கள்கூட இருந்தன. பிந்தோய் அதை ஜன்னலில் பிடித்துப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது.

சாயங்காலம் அவர் துறைக்குப் போகவில்லை. ஆற்றுக்குப் போனார். மணல் அள்ளினார். சலித்தார். உப்பு இல்லாத தண்ணீரில் அலசினார். வாணலியில் போட்டு வறுத்து ஆறவைத்தார். நீவெஸ் அடுப்படியில் வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

அந்த மணலை அவரே தூவினார். ஒரு சுருள், ஒரு பிடி. அடுத்த சுருள், ஒரு பிடி. தூங்குகிற குழந்தைமேல் போர்வை இழுத்துவிடுகிற மாதிரி.

இலாரியா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தமுறை அவள்தான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள்.

*

அவர் தறியில் உட்கார்ந்தார். ஊடை இழை சுற்றிய நாடாவை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தள்ளினார். மிதித்தார். இழுத்து ஒருமுறை தட்டினார். இலாரியா பக்கத்தில் நின்று, பலமாகத் தட்டினால் அவர் தோளைத் தொட்டாள். மெதுவாகத் தட்டினாலும் தொட்டாள்.

ஒரு பகலில் ஒரு சாண் வளர்ந்தது. சில நாள் அதுகூட இல்லை.

"மயெஸ்த்ரா," என்றார் ஒருநாள், மிதிப்பதை நிறுத்தாமல். "என் கையாலன்னு சம்பந்தி முன்னாடி சொல்லிட்டேன். இப்ப இதுல எல்லாரோட முடிச்சும் கிடக்கு. அப்ப நான் சொன்னது பொய்யாயிடுமா?"

இலாரியா பெண்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"யாராவது வந்து உங்க முடிச்சை எடுத்துக்கிட்டுப் போங்க. மானோங்குக்குக் கஷ்டமா இருக்காம்."

பெண்கள் தறியைச் சுற்றி வந்து குனிந்தார்கள். தேடினார்கள். ஒருத்தி இது என்னுது என்றாள். இன்னொருத்தி இல்லை, அது என்னுது என்றாள். செலிங் கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எனக்கு என் பிள்ளைங்களையே கூட்டத்துல அடையாளம் தெரியாது. அத்தனையும் நீங்களே வச்சுக்குங்க, மானோங்."

அவர் மிதித்தார். தறி கடகடவென்று பேசியது.

*

கல்யாணத்துக்கு முதல் நாள் காலை துணி தறியிலிருந்து இறங்கியது.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. துணியைப் பெண் வீட்டாரிடம் கொடுக்கும் முன்னால் ஜன்னலைத் திறந்து, வெளிச்சத்தில் இரண்டு பேர் விரித்துப் பிடிக்க வேண்டும். மணப்பெண் அந்தப் பக்கம் நிற்க வேண்டும். வாங்குகிறவர் இந்தப் பக்கம் நின்று பார்த்து, ஒரு குறை சொல்ல வேண்டும்.

கட்டாயம் சொல்ல வேண்டும். குறையே இல்லை என்றால் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம். அது நெய்த வீட்டுக்கு அவமரியாதை. ஒரு குறை சொல்லிவிட்டால் அதோடு சரி. அதற்குப் பிறகு அந்தத் துணியைப் பற்றி யாரும், மாப்பிள்ளை வீட்டாரும்கூட, எந்தக் காலத்திலும் வாய் திறக்கக்கூடாது.

வாங்குகிறவர் பிந்தோய். நெய்தவரும் அவரே. இப்படி ஒன்று அந்த ஊரில் நடந்ததில்லை.

"ராத்திரியெல்லாம் யோசிச்சு வச்சிருப்பாரு," என்றாள் செலிங். "ஒரு குறை போதும், மானோங். பட்டியல் வேணாம்."

கொர்னேலியோவும் வந்திருந்தார். பொழுது விடிவதற்குள் படகைக் கட்டிவிட்டு, வேடிக்கை பார்க்க வந்துவிட்டார். கைகளைக் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றார்.

"கப்பல் எங்க, சம்பந்தி?"



நீவெஸுக்கு ஆள் அனுப்பினார்கள். கல்யாணப் பலகாரத்துக்கு அரிசி இடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே எழுந்து ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது. இலாரியா அவளை ஜன்னல் பக்கம் நிறுத்தினாள்.

ஜன்னல் திறந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்த அறைக்குள் காற்று வந்தது. அதன் பின்னாலேயே வெயில்.

இலாரியா ஒரு பக்கம், செலிங் ஒரு பக்கம் பிடித்துத் துணியை நீவெஸுக்கு முன்னால் விரித்தார்கள்.

கட்டியிருந்த கைகளை கொர்னேலியோ அவிழ்த்துவிட்டார்.

"குறை சொல்லுங்க, மானோங்," என்றாள் இலாரியா.

பிந்தோய் ஒரு எட்டு முன்னால் வந்தார். கயிறு படகுக்குப் போகும் முன்னால் அதை எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார். எங்கே பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். வெட்டிய நார் முழுக்க நடுவில்தான் வந்திருந்தது. முடிச்சுமேல் முடிச்சு. இந்த இடத்தை நினைத்துத்தான் அவர் இத்தனை நாளாகச் சோறு இறங்காமல் இருந்தார்.

நடுவைப் பார்த்தார்.

காற்று துணியை லேசாக ஊதியது. துணி எழுந்து, இறங்கியது.

பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன மானோங்?" என்றாள் செலிங். "கை வலிக்குது."

"சும்மா சொல்லுங்க, சம்பந்தி," என்றார் கொர்னேலியோ. அவர் குரலில் சிரிப்பு இல்லை. "ஏதாவது ஒண்ணு சொல்லி வாங்கிக்குங்க."

பிந்தோய் இன்னும் ஒரு எட்டு முன்னால் வந்தார்.

"கன்னத்துல மாவு ஒட்டியிருக்கு," என்றார்.